கசிவு எந்தப் பக்கத்தால் வருகிறது? வயிற்றில் பையுடன் வாழ்பவர்களுக்கான துணைப்பொருட்கள்

வயிற்றில் பையுடன் வாழ்பவர்களைச் சந்திக்கப் போகும்போது, நான் முதலில் கேட்கும் கதை பெரும்பாலும் கசிவைப் பற்றியதாகவே இருக்கும். காயம் பட்ட நாளைப் பற்றிப் பிறகுதான் பேசுவார்கள். கல்யாண வீட்டில் மொய் எழுதிவிட்டுப் பந்தியில் உட்காராமலே திரும்பியது, கோயில் வீதியில் ஆட்கள் நெருங்காத இடமாகப் பார்த்து நின்றது, காலையில் யாழ்ப்பாண பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமென்று முதல்நாள் மத்தியானத்தோடு சாப்பாட்டை நிறுத்தியது என்று அந்தக் கதைகள் நீளும். கிளிநொச்சி மாவட்டத்தில் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருக்கும் ஒருவர் சொன்னார்: "ஷெல் துண்டு ஒண்டு இன்னும் இடுப்புக்குள்ளதான் கிடக்குது. அதைக்கூட மறந்திருவன் தங்கச்சி. இந்தப் பையை ஒரு மணித்தியாலம் மறக்க ஏலாது." பெயரைப் போட வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார்.

இறுதிப் போரில் வயிற்றிலும் இடுப்பிலும் எறிகணைச் சிதறல் பட்டவர்களில் பலருக்கு, குடலை வயிற்றுச் சுவர் வழியே வெளியே எடுத்துத் தைத்துத்தான் உயிரைக் காப்பாற்றினார்கள். சிலருக்கு அதைப் பின்னர் மூட முடிந்தது. சிலருக்கு முடியவில்லை. முள்ளந்தண்டில் காயப்பட்டு, இடுப்பின் பின்புறப் படுக்கைப்புண் ஆற வேண்டும் என்பதற்காக இதைச் செய்துகொண்டவர்களும் இருக்கிறார்கள். இன்று பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய்க்காகச் சத்திரசிகிச்சை செய்தவர்களும் அவர்களோடு சேர்ந்துவிட்டார்கள். வெளியே தெரியும் சிவந்த வாய்ப்பகுதியை ஸ்ரோமா என்கிறோம். பெருங்குடலில் இருந்து வந்தால் கொலஸ்ரமி, சிறுகுடலில் இருந்து வந்தால் இலியோஸ்ரமி, சிறுநீருக்கென்றால் யூரோஸ்ரமி.

போரில் காயப்பட்டவர்களுக்குக் கசிவு கூடுதலாக வருவதற்கு ஒரு காரணம் உண்டு. முன்கூட்டியே திட்டமிட்ட சத்திரசிகிச்சை என்றால், முதல்நாளே நோயாளியை உட்கார வைத்து, நிற்க வைத்து, குனிய வைத்து, வயிற்றில் மடிப்பு விழாத ஓர் இடத்தைப் பேனையால் குறிப்பார்கள். ஸ்ரோமாவை அந்த இடத்தில்தான் வைப்பார்கள். 2009இல் புதுமாத்தளன் கரையில் இருந்து செஞ்சிலுவைச் சங்கத்தின் கப்பலில் ஏற்றப்பட்டு வந்தவர்களுக்கு அப்படி இடம் குறிக்க யாருக்கு நேரம் இருந்திருக்கும்? காயம் எங்கே விட்டதோ அங்கே வைத்தார்கள். அதனால் ஸ்ரோமா தழும்புக்குப் பக்கத்தில், இடுப்பு மடிப்பில், எலும்புக்கு அருகில் என்று அமைந்துவிடுகிறது. பையின் பிசின் தட்டு சமமான தோலை மனதில் வைத்துச் செய்யப்படுவது. தழும்பும் பள்ளமும் உள்ள வயிற்றில் அது முழுமையாகப் படியாது. எங்கே படியவில்லையோ அங்கேதான் மலம் வழி தேடும்.

கசிவு வந்தால் நம்மவர்கள் உடனே செய்வது மேலும் இறுக்குவதுதான். தட்டின் மேல் பிளாஸ்ரர் சுற்றுவது, துணியால் கட்டுவது, பேஸ்ற்றை அள்ளிப் பூசுவது. நான் பேசிய தாதிய உத்தியோகத்தர் ஒருவர் இதைக் கேட்டுத் தலையில் கைவைத்தார். உள்ளே இடைவெளி இருக்க வெளியே மூடினால், மலம் வெளியே வராமல் தட்டுக்கும் தோலுக்கும் நடுவில் தங்கும். சிறுகுடலில் இருந்து வருவதில் உணவைச் செரிக்கும் நொதியங்கள் இருப்பதால், அது சில மணித்தியாலங்களிலேயே தோலை அரித்துவிடும். அரித்த தோல் நீர் விடும். நீர் விடும் தோலில் அடுத்த தட்டு ஒட்டாது. இந்தச் சுற்றுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் ஒரு நாளைக்கு இரண்டு தட்டு மாற்றுகிறார்கள்.

கழற்றிய தட்டைப் புரட்டிப் பாருங்கள்

எந்தப் பொருளையும் வாங்குவதற்கு முன்னர் செய்ய வேண்டியது இது. காசு செலவில்லாதது. கழற்றிய தட்டை உடனே எறியாமல் அதன் பிசின் பக்கத்தைப் பாருங்கள். துளையைச் சுற்றிப் பிசின் வெள்ளையாக ஊதி, கரைந்து போயிருக்கும். அந்தக் கரைவு ஒரு பக்கம் மட்டும் விளிம்பை நோக்கி ஓடியிருக்கிறதா, அல்லது எல்லாப் பக்கமும் ஒரே அளவா? தலைப் பக்கத்தைப் பன்னிரண்டு மணி என்று வைத்து, கசிந்த பக்கத்தைக் கொப்பியில் குறியுங்கள். மூன்று நான்கு தடவை மாற்றியதும் விஷயம் தெளிந்துவிடும்.

எப்போதும் ஒரே பக்கம் என்றால் அங்கே ஒரு பள்ளமோ தழும்போ மடிப்போ இருக்கிறது. எல்லாப் பக்கமும் கரைந்திருந்தால், வெட்டிய துளை பெரிதாக இருக்கலாம், தட்டு தாங்கும் நாளைக் கடந்து வைத்திருக்கலாம், அல்லது ஸ்ரோமா தோல் மட்டத்துக்கோ அதற்குக் கீழேயோ அமிழ்ந்திருக்கலாம். தட்டு சுத்தமாக இருந்து உடுப்பு மட்டும் நனைந்திருந்தால் பையின் அடிவாயைப் பாருங்கள். கிளிப் சரியாகப் பூட்டப்படாமல் இருக்கும், அல்லது மடிப்பில் மலம் ஒட்டியிருக்கும்.

பிறகு ஒரு கண்ணாடி முன்னால் நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். படுத்திருக்கும்போது தட்டையாகத் தெரியும் வயிறு, உட்கார்ந்ததும் வேறொன்றாகிவிடும். கிணற்றடியில் குனிந்து வாளி தூக்கும் நிலை, குந்தியிருக்கும் நிலை இரண்டையும் பாருங்கள். சக்கர நாற்காலியில் இருப்பவர்கள் அதில் இருந்தபடியே பார்க்க வேண்டும். நாளின் பெரும்பகுதி அந்த நிலையில்தான் போகிறது.

அடுத்தது அளவு. சத்திரசிகிச்சைக்குப் பின்னர் முதல் ஆறு முதல் எட்டு வாரங்கள் வரை ஸ்ரோமா சுருங்கிக்கொண்டே வரும். அதன் பிறகும் உடல் பருத்தாலோ மெலிந்தாலோ அளவு மாறும். வைத்தியசாலையில் முதல் கிழமை வெட்டித்தந்த அட்டையை வைத்தே வருடக்கணக்காகத் துளை வெட்டுபவர்களைக் கண்டிருக்கிறேன். துளைக்கும் ஸ்ரோமாவுக்கும் நடுவில் 2 முதல் 3 மில்லிமீற்றர் இடைவெளி போதும். கூடினால் தோல் வெளியே தெரிந்து புண்ணாகும். குறைந்தால் விளிம்பு ஸ்ரோமாவை அறுக்கும், அதற்கு வலி உணர்வு இல்லாததால் உங்களுக்குத் தெரியவும் மாட்டாது. ஸ்ரோமா வட்டமாக இல்லாவிட்டால் மெல்லிய பொலித்தீன் தாளை மேலே பிடித்து, பேனையால் அதன் உருவத்தை வரைந்து, அதையே அச்சாக வைத்திருங்கள்.

கசிவுகளில் கணிசமானவை இந்த இடத்திலேயே நின்றுவிடும் என்று அந்தத் தாதிய உத்தியோகத்தர் அடித்துச் சொன்னார். நிற்காதவற்றுக்குத்தான் துணைப்பொருட்கள்.

வளையமும் பேஸ்ற்றும்

கையில் இருக்கும் காசுக்கு ஒரே ஒரு பொருள்தான் வாங்கலாம் என்றால் நான் வளையத்தைச் சொல்வேன். சீல் என்றும் சொல்வார்கள். பிசைந்த மாவைப் போல மிருதுவான, தட்டின் பிசினை ஒத்த பொருளால் ஆன வளையம் அது. கைக்குள் கொஞ்ச நேரம் வைத்துச் சூடாக்கி, விரலால் இழுத்து, ஸ்ரோமாவின் உருவத்துக்கு ஏற்றபடி அதைச் சுற்றிப் படிய வைக்கலாம். ஈரத்தை உறிஞ்சிக் கொஞ்சம் ஊதுவதால் இடைவெளியை அது தானே அடைத்துக்கொள்ளும். முழு வளையத்தையும் வைக்க வேண்டும் என்றில்லை. ஐந்து மணிப் பக்கத்தில் மட்டும் பள்ளம் என்றால் வளையத்தில் ஒரு துண்டை வெட்டி, அந்தப் பள்ளத்தை மட்டும் நிரப்பி, அதன் மேல் தட்டை ஒட்டலாம். மிச்சத்தை மூடிவைத்தால் அடுத்த முறைக்கும் வரும். கிளிநொச்சிக்காரர் இப்படித்தான் ஒன்றை மூன்றாக்கிப் பாவிக்கிறார். மெல்லிசாகும் வரை இழுக்கக் கூடாது, இழுத்தால் சீக்கிரம் கரைந்துவிடும்.

பேஸ்ற் என்ற பெயர் பலரை ஏமாற்றிவிடுகிறது. பற்பசைக் குழாய் போல வருவதால் இதை ஒட்டும் பசை என்று நினைத்துத் தட்டு முழுவதும் பூசுகிறார்கள். இது ஒட்டுவதற்கு வந்ததல்ல, சுவர் வெடிப்பில் மேசன் சாந்து அடைப்பதைப் போன்ற வேலைக்கு வந்தது. துளையின் விளிம்பைச் சுற்றி ஒரு மெல்லிய கோடு, அல்லது தழும்பின் வெடிப்பில் ஒரு பொட்டு. அவ்வளவுதான். கூடினால் தட்டு அதன் மேல் வழுக்கும். பல பேஸ்ற்களில் அற்ககோல் இருக்கிறது. போட்டதும் ஒரு நிமிடம் காயவிட்டுத்தான் ஒட்ட வேண்டும். புண்பட்ட தோலில் பட்டால் நெருப்பாக எரியும். அப்படிப்பட்டவர்களுக்கு வளையமே நல்லது, அல்லது அற்ககோல் இல்லாத கீற்று வடிவப் பேஸ்ற். குழாயை இறுக்கி மூடாவிட்டால் அடுத்த கிழமை உள்ளே கல்லாகியிருக்கும்.

பெல்ற், குவிந்த தட்டு

ஒருமுறை வாங்கினால் தோய்த்துத் தோய்த்து நெடுநாள் பாவிக்கக்கூடியது பெல்ற். பையின் இரு பக்கத்திலும் உள்ள சிறு காதுகளில் கொளுவி இடுப்பைச் சுற்றிப் போடுவது. எல்லாப் பைகளிலும் அந்தக் காது இருக்காது. ஒரு கம்பனியின் கொக்கி மற்றக் கம்பனியின் பைக்குப் பொருந்தும் என்பதும் இல்லை. வாங்க முதல் உங்கள் பையை எடுத்துக்கொண்டு போய்ப் பாருங்கள். பெல்ற் ஸ்ரோமாவின் மட்டத்திலேயே சுற்றி வர வேண்டும். மேலேறி இடுப்பு ஒடுங்கும் இடத்துக்குப் போனால் தட்டின் ஒரு பக்கத்தை அதுவே உயர்த்திக் கசிவை உண்டாக்கும். பெல்ற்றுக்கும் உடம்புக்கும் நடுவில் இரண்டு விரல் போகும் அளவு இறுக்கம் சரியானது. இடுப்புக்குக் கீழே உணர்வில்லாதவர்கள், இறுக்கம் அவர்களுக்குத் தெரியாது என்பதால், பெல்ற் படும் இடத்தைத் தினமும் கண்ணால் பார்த்துக்கொள்ள வேண்டும்.

துணியால் கட்டுவது பெல்ற்றுக்கு மாற்றாகாது. துணி பையை அழுத்தும், மலம் கீழே இறங்காது, மேலேயே தங்கித் தட்டுக்கு அடியால் புகும். சாரத்தின் முடிச்சும் பாவாடை நாடாவும் இதே வேலையைச் செய்யும். ஸ்ரோமாவுக்கு மேலேயோ நன்றாகக் கீழேயோ கட்டப் பழகுங்கள். முல்லைத்தீவில் சந்தித்த ஓர் அம்மா, வீட்டில் சோட்டி போடத் தொடங்கிய பிறகு கசிவு பாதியாகக் குறைந்தது என்றார். "இதுக்குப் போய் இவ்வளவு நாளும் பேஸ்ற்றுக்குக் காசைக் கொட்டினனே பிள்ளை" என்று சிரித்தார்.

ஸ்ரோமா அமிழ்ந்து போயிருந்தால் வளையமும் பேஸ்ற்றும் ஓரளவுக்குத்தான் உதவும். அவர்களுக்கென்று, தோல் பக்கம் குவிந்து வரும் தட்டு இருக்கிறது. அது சுற்றியுள்ள தோலை மெல்ல அமத்தி ஸ்ரோமாவை வெளியே எட்டிப் பார்க்க வைக்கும். பெல்ற்றோடு சேர்த்தால் இன்னும் நன்றாக வேலை செய்யும். ஆனால் இதை நீங்களாகத் தெரிவு செய்ய வேண்டாம். அழுத்தத்தால் தோல் புண்ணாகலாம். ஸ்ரோமாவைச் சுற்றி வயிறு புடைத்து ஹேர்னியா உள்ளவர்களுக்கு ஆபத்தும் உண்டு. தாதியோ வைத்தியரோ பார்த்துச் சொன்ன பிறகே வாங்குங்கள்.

பவுடர், ஸ்பிரே, ஓரக் கீற்று

ஸ்ரோமாப் பவுடர் நீர் விடும் புண் தோலுக்கு மட்டும். நல்ல தோலில் போட்டால் தட்டு ஒட்டாது. புண்ணில் மெல்லத் தூவி, ஒட்டாத பவுடரைத் தட்டிவிட்டு, அதன் மேல் பாதுகாப்புப் படலம் தரும் ஸ்பிரேயை அடித்துக் காயவிடுங்கள். இப்படி இரண்டு மூன்று அடுக்கு போட்டால் ஒரு காய்ந்த பொருக்கு உருவாகும், தட்டு அதன் மேல் ஒட்டும். ஸ்பிரே அற்ககோல் இல்லாததாக இருக்க வேண்டும். தோல் ஆறியதும் இரண்டையும் நிறுத்திவிடலாம். முகத்துக்குப் போடும் பவுடரும் குழந்தைப் பவுடரும் இதற்குப் பதிலாகாது.

ஓரக் கீற்று என்பது தட்டின் வெளி விளிம்பில் ஒட்டும் பிறை வடிவத் துண்டு. வியர்வையால் விளிம்பு சுருண்டு வருபவர்களுக்கும், குனிந்து நிமிர்ந்து வேலை செய்பவர்களுக்கும் நல்லது. துளைப் பக்கத்தில் தொடங்கும் கசிவை இது நிறுத்தாது, மறைத்துத்தான் வைக்கும். அரிப்போ எரிவோ வந்தால் கீற்று நன்றாக ஒட்டியிருந்தாலும் தட்டைக் கழற்றிப் பாருங்கள்.

பிசினைக் கழற்றும் ஸ்பிரே வசதியானதுதான். இல்லாதவர்கள் இளஞ்சூட்டுத் தண்ணீரில் நனைத்த துணியால் ஒரு கையால் தோலை அமத்திக்கொண்டு மறு கையால் மேலிருந்து கீழாக மெதுவாக உரித்தால் போதும். மண்ணெண்ணெய், நகப்பூச்சு அழிக்கும் திரவம் இரண்டையும் சிலர் பாவிக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம்.

கொலஸ்ரமி உள்ளவர்களுக்கு இன்னொரு வகைக் கசிவு உண்டு. மலம் இறுகி, கீழே இறங்காமல் ஸ்ரோமாவைச் சுற்றி அப்பிக்கொண்டு நிற்கும். பைக்குள் காற்றே இல்லாமல் இரு பக்கமும் ஒட்டிப்போவதால் வருவது இது. பையை மாட்டுவதற்கு முன்னர் உள்ளே கொஞ்சம் காற்று விடுங்கள், காற்றுத் துளையை அதனோடு வரும் ஸ்ரிக்கரால் மூடுங்கள், பையின் உட்பக்கத்தில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டுத் தேய்த்துவிடுங்கள். எண்ணெய் தட்டிலோ தோலிலோ படக்கூடாது.

வெக்கையில் ஒட்டுவது

டென்மார்க்கில் எலிஸ் சோரன்சன் என்ற தாதி, கசிவுக்குப் பயந்து வீட்டை விட்டு வெளியே போக மறுத்த தன் தங்கைக்காக 1954இல் யோசித்ததுதான் தோலில் ஒட்டும் பை. அதிலிருந்து வளர்ந்த கம்பனிதான் இன்று நம் பாமசிகளில் காணும் கொலொபிளாஸ்ற். அந்தத் தங்கையின் பயம் நமக்குப் புதிதல்ல. ஆனால் டென்மார்க்கின் குளிருக்கும் சித்திரை மாதத்து வன்னிக்கும் தூரம் அதிகம். பெட்டியில் எழுதியிருக்கும் நாட்கணக்கை இங்கே அப்படியே எதிர்பார்க்க முடியாது. ஒரு தட்டு வழமையாக மூன்று நான்கு நாட்கள் தாங்கும். வெயிலில் வேலை செய்பவர்கள் கசியும் வரை காத்திருக்காமல் ஒரு நாள் முந்தியே மாற்றுவது கடைசியில் மலிவு. கசிந்தால் தட்டோடு உடுப்பும் தோலும் போய்விடும்.

மாற்றுவதற்கு நல்ல நேரம் காலையில் சாப்பிட முதல், குடல் அமைதியாக இருக்கும்போது. வெறும் தண்ணீரால் கழுவி, துணியால் ஒற்றி, மின்விசிறிக்கு முன்னால் வியர்வை அடங்கும் வரை இருங்கள். தேங்காயெண்ணெய், கிறீம், எண்ணெய்ப் பசையுள்ள சவர்க்காரம், ஈரத் துடைதாள் எதுவும் அந்த இடத்தில் படக்கூடாது. டெட்டோலும் வேண்டாம். தட்டை ஒட்டிய பிறகு உள்ளங்கையால் ஒன்றிரண்டு நிமிடம் அமத்திப் பிடியுங்கள், பிசின் உடம்புச் சூட்டில்தான் பிடிக்கும். பை மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததுமே வெறுமையாக்கத் தொடங்குங்கள், பாரம் தட்டை இழுக்கும். புதிய பைகளை மோட்டார் சைக்கிள் சீற்றுக்கு அடியில் வைத்துக்கொண்டு திரிய வேண்டாம். பிசின் உருகிவிடும்.

இலியோஸ்ரமி உள்ளவர்களுக்குப் பை வழமையை விட அதிகமாக, தண்ணீராகவே நிறைந்தால் எந்த வளையமும் தாங்காது. சோறு, வாழைப்பழம் போன்றவை அதைக் கொஞ்சம் தடிப்பாக்கும். வெறும் தண்ணீரை மேலும் மேலும் குடிப்பதை விட ஜீவனி கரைத்துக் குடிப்பது நல்லது. ஒரு நாளுக்கு மேல் நீடித்தால் வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

வெளிநாட்டுப் பெட்டி

2022இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது, பையுடன் வாழும் பல வீடுகள் லண்டனில், கனடாவில் உள்ள உறவுகளிடம் கேட்டுத்தான் சமாளித்தன. அப்படி வந்த பெட்டிகளில் பாதி பயன்படாமல் கிடப்பதையும் பார்த்தேன். இரண்டு துண்டாக வரும் பையில் தட்டின் வளைய அளவும் பையின் வளைய அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். 57 மில்லிமீற்றர் தட்டில் 70 மில்லிமீற்றர் பை பூட்டாது. ஒரே அளவாக இருந்தாலும் கம்பனி வேறென்றால் பெரும்பாலும் பூட்டாது. உறவினரிடம் கேட்கும்போது "பை அனுப்புங்கோ" என்று மட்டும் சொல்லாமல், இப்போது பாவிக்கும் பெட்டியின் இலக்கத்தைப் படமெடுத்து அனுப்புங்கள். உங்கள் ஸ்ரோமாவின் அளவு, தட்டு தட்டையானதா குவிந்ததா, பை அடியால் திறப்பதா மூடியதா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பை வேண்டாம், வளையம் மட்டும் போதும் என்றால் அதையும் சொல்லுங்கள். எந்தக் கம்பனியின் தட்டோடும் சேரக்கூடியது வளையம், தபாலில் பாரமும் குறைவு. வந்ததும் காலாவதித் திகதியைப் பாருங்கள். பழைய பிசின் காய்ந்து ஒட்டாது.

ஸ்ரோமா கறுத்தாலோ கடும் ஊதா நிறமானாலோ, இரத்தம் நிற்காமல் வந்தாலோ, ஒன்றும் வெளியேறாமல் வயிற்றுவலியும் சத்தியும் வந்தாலோ, துணைப்பொருள் தேடிக்கொண்டிருக்காமல் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். சாதாரண கிளினிக் நாளில் போகும்போது, கழற்றிய தட்டின் பிசின் பக்கத்தைத் தொலைபேசியில் எடுத்த மூன்று நான்கு படங்களும், உட்கார்ந்த நிலையில் வயிற்றின் ஒரு படமும் கொண்டு போங்கள். கிளினிக்கில் உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். கட்டிலில் படுக்க வைத்துப் பார்க்கும்போது தெரியாத பள்ளம் அந்தப் படத்தில் தெரியும்.